டிராக் டே, லேப் டைம்: புதுச்சேரி, கடலூர் கார்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தக் காரை ஒருநாள் ரேஸ் டிராக்கில் விரட்டிப் பார்க்க (அதுதான் டிராக் டே), ஒரு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறோம் என்று (அதுதான் லேப் டைம்) அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. டிரெய்லரில் ஏற்றிப்போகும் ரேஸ் கார் பற்றி இங்கே பேச்சில்லை. விடியற்காலையில் ஓட்டிக்கொண்டு போய், இருட்டுவதற்குள் அதே காரில் திண்டிவனம் வழியாக வீடு திரும்பவேண்டிய ஆளுக்குத்தான் இந்தப் பதில்கள். பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு நிபந்தனையால்தான் இப்படி இருக்கின்றன.

டிராக் டேயும் ரேஸும் ஒன்றா?

இல்லை. ரேஸில் யார் முதலில் வந்தார் என்பது கணக்கு. டிராக் டேயில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. வந்தவர்களை அனுபவத்தைப் பார்த்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15 அல்லது 20 நிமிடம் உள்ளே விடுவார்கள். அதுதான் ஒரு ஓட்டம். பொதுவாக நேர்ப்பகுதியில் மட்டும்தான் முந்தலாம். அதுவும் முன்னால் போகிறவர் கைகாட்டி வழிவிட்ட பிறகு. ரேஸ் ஓட்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு) உரிமம் தேவை. டிராக் டேக்குப் பெரும்பாலும் சாதாரண ஓட்டுநர் உரிமமும், ஆர்.சி.யும், "எது நடந்தாலும் பொறுப்பு எனதே" என்று கையெழுத்திடும் படிவமும் போதும். அந்தப் படிவத்தை முழுக்கப் படியுங்கள். தடுப்பில் மோதினால் தடுப்பைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

நமக்குக் கிட்டத்தில் எந்த டிராக்?

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் ரேஸ் டிராக் இல்லை. கிட்டத்தில் இருப்பது ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஆனால் எல்லோர் வாயிலும் இன்னும் பழைய பெயரான எம்.எம்.ஆர்.டி.தான் (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்). மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது, 1990இல் திறந்தது. அதற்கு முன்னால் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. முழுச் சுற்று 3.717 கி.மீ., 12 வளைவுகள், ஓட்டம் கடிகார முள் திசையில். வளைவுகளை சி-1, சி-2 என்று எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். போவதற்கு முன் வரைபடத்தை வைத்து மனப்பாடம் செய்துவிடுங்கள். "சி-4இல் எண்ணெய் கிடக்கிறது" என்று மைக்கில் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

அடுத்தது கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 2.1 கி.மீ. நல்ல டிராக்தான். ஆனால் புதுச்சேரியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் தடவைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம்.

எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்புவது?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், மதுராந்தகம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் இடதுபக்கம் திரும்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். சுமார் 150 கி.மீ. கடலூர்க்காரர்கள் இன்னும் இருபத்தைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அழகுதான், ஆனால் சென்னை நெரிசலுக்குள் கொண்டுபோய் விடும். காலையில் ஓட்டுநர் கூட்டம் ஒன்று நடக்கும். அதைத் தவறவிட்டவரை டிராக்கில் விடமாட்டார்கள். ஆகவே நான்கு மணிக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் முதல்நாள் இரவே ஸ்ரீபெரும்புதூரில் தங்குங்கள். நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவதை. தூக்கம் கெட்டவன் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தவறவிடுவான்.

ஈ.சி.ஆரில் விடியற்காலையில் கொஞ்சம் பழகிக்கொள்ளலாமா?

கூடாது. பொதுச்சாலையில் வேகப் பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த நேரத்தில் மீன்கூடையோடு சாலையைக் கடப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் கார் சாதாரண ஹேட்ச்பேக். போதுமா?

போதும், சொல்லப்போனால் நல்லது. எடை குறைந்த, கையால் கியர் மாற்றும் கார் பிரேக்கையும் டயரையும் சீக்கிரம் தின்னாது. உயரமான எஸ்.யூ.வி., சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். தானியங்கிக் கார்களில் வரும் சி.வி.டி. கியர்பாக்ஸும் உலர் கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச் கியர்பாக்ஸும் நாலைந்து சுற்றில் சூடேறி எச்சரிக்கை விளக்கைப் போடும். போட்டதும் வெளியே வந்துவிடுங்கள், இன்ஜினை ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

போவதற்கு முன் காரில் என்ன செய்யவேண்டும்?

முதலில் பிரேக் ஆயில். ஏர் ஃபில்டர், சைலன்ஸர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் நகரில் 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குக்குப் போகும் வெப்பம் ஏறத்தாழ 106 கிலோஜூல். அதே கார் டிராக்கில் 150இலிருந்து 60க்கு வரும்போது 800 கிலோஜூல். அதாவது ஏழரை மடங்கு, அதுவும் நிற்காமலேயே. இது ஒரே ஒரு வளைவுக்கு. அடுத்த வளைவு வருவதற்குள் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு (டிஸ்க்) ஆறாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தர வகை; புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம். நம் கடலோர ஈரக்காற்றில் இரண்டு வருடம் மாற்றாத ஆயிலை நம்பி டிராக்குக்குப் போகாதீர்கள். டாட் 5.1 போட்டால் 260 டிகிரி. டாட் 5 என்பது சிலிகான், பெயர் கிட்டத்தில் இருந்தாலும் வேறு சரக்கு, கலக்கவே கூடாது.

ஒரு லிட்டர் போதும். சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். ஷெட்டில் போன மாதம் திறந்து வைத்த மிச்சம் வேண்டாம். மேல் டேங்கிலுள்ள பழைய ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை மேல்கோடு வரை நிரப்புங்கள். கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன், வலது முன் என்று போங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை (சக்கரப் பிரேக்கில் ஆயிலை வெளியேவிடும் சிறு திருகு) கால் சுற்று திறந்து, மூடி, பிறகுதான் "விடு" என்று சொல்லவேண்டும். நிப்பிளில் மாட்டிய குழாயில் நிறம் மாறிப் புது ஆயில் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதுதான் வேலை. நடுவில் மேல் டேங்க் வற்றிவிட்டால் ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று ஏறிவிடும். பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது.

கடற்கரை ஊர்க் கார்களுக்கு ஒரு தனித் தொல்லை: நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல்நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்கள். திறந்த வாய் ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். நிப்பிள் காலிப்பருக்குள்ளேயே முறிந்தால் அந்த வாரம் டிராக் கிடையாது.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கவேண்டும். மூன்று மில்லிமீட்டர் பேடோடு உள்ளே போனால் இரும்பில் இரும்பு உரச வீடு திரும்புவீர்கள். கம்பெனி பேடிலேயே முதல்நாளை ஓட்டலாம், நான்கைந்து சுற்றுக்கு மேல் தொடர்ந்து விரட்டாமல் இருந்தால்.

இன்ஜின் ஆயில் மேல்கோட்டில் இருக்கட்டும், அதற்கு மேலே வேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். கீழ்க்கோட்டில் இருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும்.

பிரேக் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

இரண்டு விதம். பெடல் கல்லுப்போல் இருக்கிறது, ஆனால் கார் நிற்கமாட்டேன் என்கிறது: பேடு சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. ஒரு சுற்று மெதுவாக ஓட்டினால் திரும்பும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது, பம்ப் அடித்தால்தான் பிடிக்கிறது: ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. அன்றைய ஓட்டம் முடிந்தது. கையை உயர்த்திக் காட்டி, மெதுவாக உள்ளே வந்துவிடுங்கள். ஆறிய பிறகு பெடல் சரியானதுபோல் தோன்றும், நம்பாதீர்கள். காற்று எடுத்து ஆயில் மாற்றாமல் அந்தக் காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஓட்டி முடித்து வந்ததும் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது என்கிறார்களே?

உண்மைதான். சூடான பேடையோ ஷூவையோ அழுத்திப் பிடித்தால் அந்த ஓரிடத்தில் வெப்பம் தேங்கும், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டும். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு வாருங்கள். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று?

கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். அதனால் காலையில் 33 வைத்த டயர் ஒரு ஓட்டம் முடிந்து வரும்போது 39, 40 காட்டினால் பயப்படவேண்டாம். உள்ளே வந்த கையோடு அளந்து, முன்சக்கரங்களைச் சூட்டில் 36 அளவுக்கு இறக்குங்கள். இது தொடக்க எண் மட்டும். சரியானதை டயரே சொல்லும்: ஓட்டத்துக்கு முன் சாக்பீஸால் டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே நான்கு கோடு போடுங்கள். பக்கச்சுவரில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். ஓரத்துக்கு முன்பே நின்றிருந்தால் காற்று அதிகம்.

கடிகாரத் திசை டிராக்கில் இடது முன்டயர்தான் அதிகம் உழைக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயர் வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். அதற்காகப் புத்தம்புது டயரும் வேண்டாம். முழு ஆழ ரப்பர் கட்டிகள் சூட்டில் நெளிந்து பிய்ந்துவரும். நாலைந்து மில்லிமீட்டர் ஆழம் உள்ள டயர் டிராக்குக்கும் நல்லது, வரும் வழியில் மழை பிடித்தாலும் தாங்கும்.

நைட்ரஜன் அடித்தால் காற்று ஏறாதாமே?

ஏறும். காய்ந்த காற்று ஏறுகிற அளவுக்கே ஏறும்.

டிராக்கில் விடும் முன் நடக்கும் கார் பரிசோதனையில் என்ன பார்ப்பார்கள்?

பேட்டரி ஆடுகிறதா, எங்காவது ஒழுகுகிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா, உள்ளே எதுவும் உருளாமல் இருக்கிறதா. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டுப் பிள்ளையார், எல்லாம் இறங்கவேண்டும். காலணி பெடலுக்கடியில் போன கதைகள் உண்டு; தரைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள்.

இழுக்கும் கொக்கியை வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பம்பரில் உள்ள மூடிக்குப் பின்னால் மரை உப்புக்காற்றில் துருப்பிடித்துப்போய்க் கொக்கி ஏறாமல் நிற்கும். சில ஐரோப்பியக் கார்களில் அது இடது மரை: கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும்.

சக்கர நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஹேட்ச்பேக்குகளில் பொதுவாக 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கான எண் கையேட்டில். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி ஒரு பார்வை. பஞ்சர் கடை ஏர் கன்னால் முறுக்கிய நட்டு எவ்வளவு இறுக்கம் என்று கடைக்காரருக்கே தெரியாது.

உடை, ஹெல்மெட்?

முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ. நைலான், பாலியஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டும். தொடர்ந்து போவதாக இருந்தால் கார் ரேஸுக்கான ஸ்னெல் எஸ்.ஏ. தர முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். பைக்குக்கான எம். முத்திரை ஹெல்மெட்டில் தீ தாங்கும் உள்துணிக்கான சோதனை கிடையாது.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே போங்கள். சாதாரணக் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை, பேஸ் மேக்கிங் (மற்றவர்களுக்கு வேகம் காட்டி முன்னால் ஓட்டுவது) எல்லாம் விலக்கு என்று எழுதியிருக்கிறது. "இது ரேஸ் இல்லையே, டிராக் டேதானே" என்று வாதாடலாம். ஆனால் ஸ்டாப்வாட்சோடு ஓட்டியதை வேகச் சோதனை இல்லை என்று நிரூபிப்பது கஷ்டம். போகிற வழியிலும் வருகிற வழியிலும் பாலிசி வழக்கம்போல் செல்லும். இழந்தால் தாங்கமுடியாத காரை, குறிப்பாக இ.எம்.ஐ. பாக்கியுள்ள காரை, டிராக்கில் இறக்காதீர்கள்.

டிராக்கில் காட்டும் கொடிகளுக்கு என்ன அர்த்தம்?

மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தம், கண்ணாடியைப் பார்த்து மெதுவாகி உள்ளே வா. திடுமென நடுவில் நிறுத்தினால் பின்னால் வருபவர் ஏறிவிடுவார். நீலம்: வேகமானவர் வருகிறார், வழிவிடு. கறுப்பு: நீதான், உள்ளே வா. மஞ்சளில் சிவப்புக் கோடு: தரை வழுக்கும். கட்டம்போட்டது: முடிந்தது, ஆறவைக்கும் சுற்று.

லேப் டைமை எப்படி அளப்பது?

ஏற்பாட்டாளர் டிரான்ஸ்பாண்டர் (காரில் பொருத்தும் சிக்னல் கருவி) கொடுத்தால் அதுதான் துல்லியம். இல்லையென்றால் ரேஸ்குரோனோ போன்ற செயலி. ஆனால் போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். 120 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் கார் 33 மீட்டர் போய்விடுகிறது. நடுவில் நடந்ததைச் செயலி ஊகித்துத்தான் நிரப்புகிறது. நொடிக்குப் பத்துமுறை குறிக்கும் புளூடூத் ஜி.பி.எஸ். கருவி வாங்கி டேஷ்போர்டில் வானம் தெரிய ஒட்டினால் இடைவெளி 3.3 மீட்டராகச் சுருங்கும்.

தொடக்கக் கோட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இடத்தில் 3 மீட்டர் பிழை என்றால் 120 கி.மீ. வேகத்தில் அது 0.09 நொடி, 50 கி.மீ. வளைவில் 0.22 நொடி. ஆகவே கோட்டை எப்போதும் பிரதான நேர்ப்பகுதியில், குறுக்காக வையுங்கள். போனை ஹோல்டரில் இறுக்கமாகப் பூட்டுங்கள், ஓட்டும்போது பார்க்காதீர்கள். எண்ணெல்லாம் டிராக்கை விட்டு பிட்டுக்கு (கார்கள் நிற்கும் இடம்) வந்த பிறகு.

எவ்வளவு வந்தால் நல்ல டைம்?

இருங்காட்டுக்கோட்டை முழுச் சுற்றில் 2 நிமிடம் 30 நொடி என்றால் சராசரி வேகம் மணிக்கு 89 கி.மீ. 2:20க்கு 95.6, 2:10க்கு 103, சரியாக இரண்டு நிமிடத்துக்கு 111.5. முதல் பத்து நொடி குறைக்கச் சராசரி ஆறு கிலோமீட்டர் கூடினால் போதும். கடைசிப் பத்துக்கு எட்டரை வேண்டும். கீழே போகப் போகக் கஷ்டம் கூடுவது இதனால்தான்.

அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அதே மாடல் கார் என்றாலும் டயர், எடை, வெயில், முன்னால் போன கூட்டம் எல்லாம் வேறு. ஒப்பிடவேண்டியது ஒன்றுதான்: அதே நாள், அதே கார், உங்கள் போன ஓட்டம். தொடர்ந்து ஐந்து சுற்று அரை நொடிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று 2:18, அடுத்தது 2:24, அதற்கடுத்தது 2:19 என்று குதித்தால் அந்த 2:18 தற்செயல்.

டைமைக் குறைக்க முதலில் எதைப் பிடிப்பது?

வளைவிலிருந்து வெளியே வருவதை. உதாரணத்துக்கு 600 மீட்டர் நேர்ப்பகுதியைச் சராசரி 120இல் கடக்க 18 நொடி. வெளிவரும் வேகம் கொஞ்சம் கூடிச் சராசரி 122 ஆனால் 17.7. நேர்ப்பகுதியில் எதுவும் செய்யாமலே 0.3 நொடி லாபம். புதியவர்கள் செய்வது நேர்மாறு: தாமதமாகப் பிரேக் பிடித்து, உள்முனையை (வளைவின் உள்ஓரத்தைத் தொடவேண்டிய இடம்) தவறவிட்டு, ஸ்டியரிங் நேராகும்வரை ஆக்சிலரேட்டரை மிதிக்க முடியாமல் காத்திருப்பார்கள். செயலியின் வேக வரைபடத்தில் இது பள்ளத்துக்குப் பின் ஒரு தட்டையான தரையாகத் தெரியும். அந்தத் தரையைத்தான் சுருக்கவேண்டும்.

வழி இது: பிரேக்கை வழக்கத்தைவிடப் பத்து மீட்டர் முன்கூட்டியே பிடிக்கத் தொடங்குங்கள். நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிடியுங்கள், திருப்பத் திருப்ப மெல்ல விடுங்கள். உள்முனையைத் தொட்டதும் மிதித்தால் வெளி ஓரம் வரை கார் தானாக ஓடிச் சேரவேண்டும். மிதித்த பிறகு மறுபடி விடவேண்டி வந்தால் உள்முனையைச் சீக்கிரம் தொட்டுவிட்டீர்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு வளைவு மட்டும் திருத்துங்கள். ஏ.பி.எஸ்., கார் சறுக்காமல் தடுக்கும் ஈ.எஸ்.பி. இரண்டும் ஆனில் இருக்கட்டும். ஈ.எஸ்.பி. விளக்கு எங்கே மின்னுகிறதோ அங்கே நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

மதியம் டைம் கூடுகிறதே, காரில் கோளாறா?

பெரும்பாலும் வெயில். 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறையும், இன்ஜின் இழுவையும் அதற்கேற்பக் குறையும். டர்போ கார்களில் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேறு சூடாகிவிடும். டயரும் அளவுக்கு மேல் வெந்து வழுக்கும். ஓட்டுபவரும் அப்படித்தான்: நாலு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர். நல்ல டைம் வேண்டுமென்றால் காலை முதல் இரண்டு ஓட்டத்தில் எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல்?

புதுச்சேரியில் விலை குறைவு, நிரப்பிக்கொண்டு போங்கள். டிராக்கில் சின்ன கார்கூட லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் தரும், 90 கி.மீ. ஓட்டினால் 20 லிட்டர் போய்விடும். கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கி இன்ஜின் திக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்?

டயர் ஆறியபின் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். சூட்டில் 36க்கு இறக்கிய டயர் ஆறினால் 30க்கும் கீழே நிற்கும். அதோடு ஆத்தூர் சுங்கச்சாவடி தாண்டி 100இல் போனால் பக்கச்சுவர் வெந்துபோகும். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். நட்டு, ஆயில் அளவு, பேடு, டயரின் உள்ஓரம், இந்த நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்றிய ஸ்டெப்னியை மறந்து வந்தவர்கள் உண்டு.

மறுநாள் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் வளைவதில்லை. பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். பின்னால் யாரும் வராத விடியற்காலை நெடுஞ்சாலையில் 80இலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்துமுறை நிதானமாகப் பிரேக் பிடித்து, பிறகு ஐந்து கி.மீ. பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பாதி நடுக்கமாவது போகும். போகாவிட்டால் டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச எண் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும். அதற்கு மேல் இருந்தால் லேத்தில் லேசாகச் சீவிச் சமப்படுத்தலாம், கீழே இருந்தால் ஜோடியாக மாற்றவேண்டும், பேடும் புதிதாக.